சகுனியும் திறமைசாலிதான்

திறமை என்ற சொல்லைப் போல அண்மைக் காலத்தில் அவமானப்பட்ட சொல் தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீணையைத் தொட்டவனுக்கும், தறியில் உட்கார்ந்தவனுக்கும், ஏர் பிடித்தவனுக்கும் உரியதாய் இருந்த அந்தச் சொல், சில ஆண்டுகளாகச் செல்போன் திரையில் சீட்டாடிப் பணத்தைத் தொலைக்கிறவனுக்குச் சூட்டுகிற பட்டமாகிவிட்டது. 'போக்கர் திறமை விளையாட்டு. ஆகவே அது சூதாட்டம் அன்று.' இது கம்பெனிகளின் வாதம். அவர்களுடைய வக்கீல்களின் வாதம். கூலி வாங்கிக்கொண்டு விளம்பரத்தில் சிரித்த நட்சத்திரங்களின் வாதம். நியாய அநியாயம் தெரிந்த படிப்பாளிகள்கூட இதைக் கேட்டதும், "அதுவும் சரிதானே!" என்று தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

எனக்குத் தலை ஆடவில்லை. ஆனால் ஒன்று. போக்கரில் திறமையே கிடையாது, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று வாதாடுகிறவர்களின் கோஷ்டியில் நான் சேரப் போவதில்லை. அந்தச் சுலபமான வேலையை மேடைப் பிரசங்கிகளுக்கு விட்டுவிடுகிறேன். திறமை உண்டு, நிறையவே உண்டு. உண்டு என்பதனாலேயே அது அபாயமானது என்பதுதான் என் கட்சி.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக நாலு வரி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று, பின்பு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், பயந்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசிவரை நிற்கிறவர்களில் ஏழு சீட்டிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவனுக்குப் பணம். கையில் ஒன்றுமே இல்லாதவன் எல்லாம் இருக்கிறவனைப் போல ஏற்றிக்கொண்டே போய், நல்ல சீட்டு வைத்திருப்பவனைப் பயமுறுத்தி ஓடச் செய்யலாம் என்பது இதன் விசேஷம். (நம் நாட்டுத் தேர்தல் கூட்டணிப் பேச்சுகளைக் கவனித்து வருகிறவர்களுக்கு இதில் அதிசயம் இராது.)

இப்படிப்பட்ட ஆட்டத்தில் கணக்குத் தெரிந்தவனுக்கும், எதிராளியின் பழக்கத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கும் மேல்கை இருப்பது இயற்கை. ஆனால் அந்த மேல்கை ஒரு ஆட்டத்தில் தெரியாது. ஒரு மாலையிலும் தெரியாது. ஆயிரக்கணக்கான கைகள் ஆடிய பிறகுதான் தெரியும். ஒரு கையில் அதிர்ஷ்டம் பேசும். பத்தாயிரம் கையில் திறமை பேசும். ஒன்றும் தெரியாத புதியவன் முதல் நாள் இரண்டாயிரம் ரூபாய் ஜெயித்துவிட முடிவது இதனால்தான். ஜெயித்ததும் அவன் என்ன நினைக்கிறான்? தனக்குத் திறமை இருக்கிறதென்று நினைக்கிறான். விளம்பரமும் அப்படித்தானே சொல்லியிருக்கிறது! அடுத்த வாரம் தோற்கிறான். அப்போது என்ன நினைக்கிறான்? இன்று அதிர்ஷ்டம் சரியில்லை என்று நினைக்கிறான். ஜெயித்தால் திறமை, தோற்றால் அதிர்ஷ்டம் என்று தலைகீழாகக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இது ஒன்றுதான்.

பாரதக் கதை நமக்குத் தெரியாததல்ல. அஸ்தினாபுரத்துச் சபையில் பணயம் வைத்தவன் துரியோதனன். காயை உருட்டியவன் சகுனி. ஏன் அப்படி? சகுனி ஆட்டத்தில் தேர்ந்தவன். தருமனுக்கு ஆட ஆசை உண்டு, ஆட்டம் தெரியாது. இன்று அந்த வழக்கு ஒரு ஹைகோர்ட்டுக்கு வந்திருக்குமானால், சகுனியின் வக்கீல் எழுந்து நின்று, "கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் பல்லாண்டுப் பயிற்சியால் பெற்ற சாமர்த்தியத்தைக் கொண்டு ஜெயித்தார், இது திறமை விளையாட்டு, ஆகவே ராஜ்யமும் சகோதரர்களும் மனைவியும் முறைப்படி கைமாறிய சொத்துகள்" என்று அரை மணியில் நிரூபித்திருப்பார். பாஞ்சாலி சபையில் கேட்ட கேள்வியில் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே கிடையாது. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று கேட்டாள். பீஷ்மர் முதலானவர்கள் அதற்குப் பதில் சொல்லத் திணறினார்கள். நாமும் அவர்களைப் போலவே முக்கியமான கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

என் தமக்கை மகன் ஒருவன், என்ஜினீயர், பெங்களூரில் வேலை. பாட்டிக்குக் கண் ஆபரேஷன் செய்து வைத்த நல்ல பையன். இரண்டு ஆண்டுகள் அவன் இந்தப் போக்கரை இரவு வேலையாகச் செய்தான். ஊருக்கு வந்திருந்தபோது பேச்சு வந்தது.

"எனக்கு நஷ்டமில்லை, மாமா. லாபந்தான்" என்றான்.

"யாரிடமிருந்து லாபம்?"

"மீன்களிடமிருந்து" என்றான் சாதாரணமாக.

ஆட்டம் தெரியாமல் வந்து மாட்டுகிறவனுக்கு உலகம் பூராவும் போக்கர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அது. மீன். பெரும் பணத்தோடு வந்து மாட்டுகிறவன் திமிங்கிலம். வள்ளுவர் சூதைப் பற்றிப் பாட ஆரம்பித்தபோது தூண்டிலையும் மீனையும்தான் எடுத்துக்கொண்டார். அவர் திட்டுவதற்குச் சொன்ன உவமையை இவர்கள் தொழில் பாஷையாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அவன் விளக்கிக்கொண்டே போனான். ஒரே சமயத்தில் நான்கு மேஜைகளில் ஆடுவானாம். எதிராளி எத்தனை கைக்கு ஒரு தடவை பந்தயத்தை ஏற்றுகிறான், எத்தனை தடவை பயந்து விலகுகிறான் என்று குறித்து வைத்துக்கொள்வானாம். நல்ல ஆட்டக்காரர்கள் கூடியிருக்கிற மேஜையில் உட்காரவே மாட்டானாம். அங்கே லாபம் இல்லை. பிறகு சொன்னான்: "மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து ஏழு தேதிவரை ஆட்டம் நல்லாயிருக்கும், மாமா. சம்பளம் வந்திருக்கும் இல்லையா?"

இதை அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மீன் பிடிக்கிறவன் பருவத்தைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி சொன்னான். நான் அவனைத் திட்டவில்லை; அவன்தான் எனக்கு உண்மையைச் சொன்ன முதல் மனிதன். கம்பெனிகள் சொல்லுகிற திறமை எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, அது எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

லாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் நம் மாநிலத்தில் சர்க்காரே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. 2003-இல் சர்க்காரே அதைத் தடை செய்தது. லாட்டரியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சமத்துவம் இருந்தது. சீட்டு வாங்கிய பேராசிரியரும் சீட்டு வாங்கிய கூலிக்காரரும் ஒரே அளவு முட்டாள்கள். அங்கே ஒருவருடைய அறியாமை இன்னொருவருடைய வருமானமாக இல்லை. போக்கரில் அப்படி இல்லை. குஸ்திக் கோதாவில்கூட எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். பயில்வானையும் பள்ளிக்கூடத்துப் பையனையும் ஒன்றாக இறக்கிவிட்டு, 'குஸ்தி திறமை விளையாட்டுத்தானே' என்று டிக்கட் விற்கிறவனை நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?

டிக்கட் விற்கிறவன் என்றேனே, அவனைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பயில்வானும் பையனும் மோதிக்கொள்ளட்டும்; அவனுக்கு இரண்டு பேரிடமும் வசூல். போக்கரில் கம்பெனி எந்தக் கையிலும் ஆடுவதில்லை. ஒவ்வொரு கையிலும் சேருகிற பந்தயப் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டே போகும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய், மேஜையில் மொத்தம் 6,000. ஒவ்வொரு கையிலும் சராசரி 200 ரூபாய் பந்தயம் சேருகிறது. அதில் நூற்றுக்கு ஐந்து வீதம் கம்பெனி எடுத்தால் கைக்கு 10 ரூபாய். வீட்டில் உட்கார்ந்து சீட்டுக் கலைத்துப் போட்டால் மணிக்கு முப்பது கை ஆகும். செல்போனில் கலைக்கிற வேலை இல்லை, அறுபது கை ஆகிவிடும். ஆக மணிக்கு 600 ரூபாய். பத்து மணி நேரத்தில் 6,000. அதாவது, இந்த ஆறு பேரும் சம திறமைசாலிகளாக இருந்து, புதுப் பணம் போடாமல் ஆடிக்கொண்டே இருந்தால், பத்து மணி நேரத்தில் மேஜையில் ஒரு பைசா மிஞ்சாது. ஆறு பேரும் திறமைசாலிகள். ஆறு பேரும் ஆண்டி! அப்படி ஆகாமல் ஆட்டம் நடக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? புதுப் பணத்தோடு புது மீன் வந்துகொண்டே இருக்க வேண்டும். பொழுது விடிந்தால் சினிமாக்காரரும் கிரிக்கெட்காரரும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து, 'வாருங்கள், ஆடுங்கள்' என்று கூப்பிட்டது எதற்காக என்று இப்போது புரிகிறதா?

சதுரங்கமும் திறமை விளையாட்டுத்தானே என்று மடக்குகிறார்கள். வாஸ்தவம். சதுரங்கத்தில் ஒவ்வொரு காய் நகர்த்தும்போதும் பலகைக்குச் சொந்தக்காரன் வந்து நாலணா எடுத்துக்கொண்டு போவதில்லை.

இனி கோர்ட்டு விஷயம். 'சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று இவர்கள் தூக்கிப் பிடிக்கிற தீர்ப்பு 1967-இல் வந்தது. ஸெகந்தராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கு அது. ரம்மி மூன்று சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அன்று. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தீர்மானிக்கச் சாமர்த்தியம் வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். இந்த முதல் பாதியை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. பணம் கட்டி ஆடுகிற ரம்மியிலிருந்து வீட்டுக்காரனோ கிளப்புக்காரனோ லாபம் எடுக்கிறான் என்று சாட்சியம் இருந்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். லாபம் எடுப்பதற்கென்றே பிறந்த கம்பெனிகள், அதிலும் ரம்மியைப் பற்றிய தீர்ப்பைப் போக்கருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாதித் தீர்ப்பைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தன!

இந்தத் திறமை என்கிற அளவுகோல் எவ்வளவு உறுதியானது என்பதையும் பாருங்கள். மேற்கு வங்காளத்தின் 1957-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் போக்கரைப் பெயர் சொல்லியே சூதிலிருந்து விலக்கி வைத்தது. 2017-இல் குஜராத் ஹைகோர்ட் அதே போக்கரைச் சூதாட்டம் என்று சொல்லிற்று. கங்கைக் கரையில் கலை. சபர்மதிக் கரையில் குற்றம். நம் மாநிலத்திலோ, 2021-இல் போட்ட தடைச் சட்டத்தை அந்த வருஷம் ஆகஸ்டிலேயே ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையின்மேல் அக்டோபரில் மறுபடியும் மசோதா நிறைவேற்றினார்கள். கவர்னர் மாளிகையில் நான்கு மாதங்களுக்கு மேல் தங்கியிருந்துவிட்டு அது 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமாயிற்று. நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் ஆகையால் அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. ஒரே வருஷத்துக்குள் போக்கர் குற்றமாகி, திறமையாகிவிட்டது. ஆட்டத்தின் விதிகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் முன்னால் வைத்த கேள்வியே தப்பான கேள்வி. சூதின் தீமை அதில் எத்தனை பங்கு அதிர்ஷ்டம் என்பதிலா இருக்கிறது?

அடுத்த வாதம், வயது வந்தவனுடைய பணம், அவன் இஷ்டம் என்பது. கேட்க வெகு கம்பீரமாக இருக்கிறது. சீமையிலிருந்து வந்த வாதமல்லவா! நம் குடும்பங்களில் ஒருவனுடைய பணம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அது அப்பாவின் வைத்தியச் செலவு. பெண்ணின் காலேஜ் சம்பளம். அடகுக் கடையில் இருக்கிற மனைவியின் வளையலுக்குக் கட்ட வேண்டிய வட்டி. அவன் இஷ்டப்படி தோற்றது இவர்கள் எல்லோருடைய பணத்தையும். கடன் கழுத்தை நெரித்து உயிரை விட்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வரிசையாக வந்த பிறகுதான் 2020-இல் முதன்முதலாக இங்கே தடை உத்தரவு பிறந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இஷ்டம் என்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. விஷயம் தெரிந்து இஷ்டப்பட வேண்டும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டம் கூடாது. வெறும் ஐந்து மணி நேரம்! கம்பெனிகள் அதைக்கூடப் பொறுக்காமல் ஹைகோர்ட்டுக்கு ஓடின. ஜூனில் கோர்ட் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனக்கு ஒரு சந்தேகம். சங்கீத வித்வானுக்கு இரவில் தூக்கம் வேண்டும். சதுரங்க வீரனுக்கு வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு உச்சத்துக்கு வருகிற திறமை எது? அந்த நேரத்தில் விழித்திருந்து ஆடுகிறவன், தோற்றதை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று ஆடுகிறவன். அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வக்கீல் வைத்து வாதாடியவர்களுக்கு அவன் யார் என்பது நன்றாகத் தெரியும்.

திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்ற கேள்வி வேறு இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் லிப்ராட்டஸ் என்ற கம்ப்யூட்டர் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு இருபது நாள் ஆடி, சுமார் 17 லட்சம் டாலர் பெறுமான சில்லுகளை ஜெயித்தது. 2019-இல் புளூரிபஸ் என்ற இன்னொன்று ஆறு பேர் ஆடும் ஆட்டத்திலும் வல்லவர்களை வென்றது. ராத்திரி மூன்று மணிக்கு நம் ஊர் ஸ்டோர் குமாஸ்தாவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது மனிதன்தான் என்று அவன் எதைக் கொண்டு நம்புவது? மனிதர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். 2007-2008-இல் இரண்டு பெரிய அயல்நாட்டுப் போக்கர் ஸ்தாபனங்களில், உள்ளே இருந்தவர்களே மற்றவர்களின் மறைவுச் சீட்டைப் பார்த்து ஆடியது வெளியாயிற்று. 2011-இல் ஃபுல் டில்ட் என்ற ஸ்தாபனம் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர், பாங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அமெரிக்க சர்க்கார் கோர்ட்டில் சொன்னது. உலகத்தின் முதல் தரக் கம்பெனிகளின் யோக்கியதை இது.

இவ்வளவுக்கும் மேல் ஜனங்கள் ஏன் போனார்கள்? கதை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். 2003-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கர், நூறு டாலருக்கும் குறைவான நுழைவுக் கட்டணத்தில் இணையத்தில் ஆடி இடம் பிடித்து, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அவருடைய குடும்பப் பெயரே பணம் பண்ணுகிறவன் என்று அர்த்தமாகும் 'மணிமேக்கர்'. நான் ஒரு பாத்திரத்துக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்துத் திருத்தியிருப்பார்! போக்கர் உலகமெங்கும் பரவியதற்கு அந்தக் கதை ஒரு பெரிய காரணம். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். பெரும்பாலோர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தால் அது நாவல். ஜெயித்தவரைப் பற்றி மட்டும் சொன்னதால் அது விளம்பரம். நம் ஊரிலும் அந்த மாதிரி விளம்பரங்களில் ஒரு சலவைக்காரர் கார் வாங்குவார். ஒரு மாணவன் அம்மாவுக்கு வீடு கட்டுவான். வீட்டை விற்றவன் எந்த விளம்பரத்திலும் வரமாட்டான். கடைசியில் 'இது பழக்கமாகக்கூடும், பொறுப்போடு ஆடுக' என்று ஒருவர் ரயிலுக்குப் போகிற அவசரத்தில் முணுமுணுத்துவிட்டுப் போவார்.

சர்க்காரையும் சும்மா விடுவதற்கில்லை. 2023 அக்டோபரிலிருந்து கட்டுகிற பணம் முழுவதற்கும் நூற்றுக்கு 28 வீதம் வரி வசூலித்தது மத்திய சர்க்கார். தீமை என்று தெரிந்ததில் பங்குதாரனாகச் சேருவது என்ன தர்மமோ! 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, திறமை ஆனாலும் சரி, அதிர்ஷ்டம் ஆனாலும் சரி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டையெல்லாம் தடை செய்து சட்டம் நிறைவேற்றிற்று. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும். விளம்பரம் செய்கிறவனுக்கு இரண்டு வருஷமும் 50 லட்சமும். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. மீனைத் தண்டிக்காமல் தூண்டில்காரனைப் பிடித்தது நல்ல புத்தி, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அடுத்த மாதமே, செப்டம்பர் 22 முதல், அதே ஆட்டத்துக்கு வரியை 40 வீதமாக உயர்த்தியும் வைத்தார்கள். ஒரு கையால் கதவைச் சாத்தி, மறு கையால் உண்டியலைத் திறந்து வைக்கிற இந்த வித்தைக்கு என்ன பெயர் கொடுப்பது?

சட்டம் கொண்டுவந்தபோது, ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று சர்க்கார் தன் மதிப்பீட்டைச் சொன்னது. வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 444 ரூபாய் வருகிறது. 444 ரூபாய்க்காக எவனும் உயிரை விடுவதில்லை. இந்தச் சராசரிக்குள்ளே பத்து ரூபாய் போட்டுப் பார்த்துவிட்டு விலகிய கோடிப் பேருக்கு அடியில், வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தோற்றவர்கள் மறைந்து கிடக்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று கம்பெனிகளுக்குத்தான் தெரியும். பெயர், ஊர், வயது, ஆடிய மணி, தோற்ற தொகை எல்லாம் அவர்களுடைய புத்தகத்தில் ஒரு ரூபாய் விடாமல் இருக்கிறது.

சட்டம் வந்ததும் பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போயின; 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்குகளைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. எந்தத் தீர்ப்பு எப்படிப் போனாலும், கடல் தாண்டி இருக்கிற ஸ்தாபனங்களும், தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைச் சேர்த்து ரொக்கத்தில் கணக்குத் தீர்க்கிற தரகர்களும் சம்மன் அனுப்பினால் வந்து நிற்கப் போவதில்லை. அவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். கோர்ட்டில் வந்து நின்று திறமை, திறமை என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வையுங்கள். ஒரு வருஷம் ஆடியவர்களில் லாபத்தோடு எழுந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? உங்கள் வருமானத்தில் எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு வந்தது? எவ்வளவு ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள் வந்தது?